சூரியப் பவளத்துக்கு ஊட்டியவர்

"இன்னா வோணும்?" என்று அக்கா யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. "போதுமா?" என்றும் கேட்டதில்லை. கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த இரும்பு ரோலிங் மில்லின் கேன்டீனை எடுத்து நடத்தியவர் அவர். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் போன் போட்டு, "எதுக்குடா என் கதையெல்லாம்?" என்று ஒரு பிடி பிடிப்பார். மில்லில் எல்லாருக்கும் அவர் அக்காதான். தட்டோடு போய் நிற்கிற ஆளின் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். அடுத்த நொடி தட்டில் சோறு விழும். யாருக்குக் குழம்பு, யாருக்கு வெறும் ரசம், யாருக்கு இன்னொரு கரண்டி என்பதெல்லாம் அந்த ஒரு பார்வையில் தீர்ப்பாகிவிடும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

நான் அந்த மில்லில் தொழிலாளர் விஷயங்களைப் பார்க்கிற பர்சனல் ஆபீசர். கேன்டீன் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலைதான். அப்பேர்ப்பட்ட என் தட்டில் அவர் வடை வைக்க மாட்டார். எனக்கு முன்னால் நிற்பவனுக்கு வடை உண்டு, பின்னால் நிற்பவனுக்கு உண்டு, எனக்கு மட்டும் மோர். எனக்குப் பசி வந்தால் கோபமும் கூடவே வந்துவிடும். ஒருநாள் வரிசை முழுக்கப் பார்த்திருக்கக் கத்தியே விட்டேன்.

"ஏங்க்கா, நான் மட்டும் என்ன பாவம் செஞ்சேன்? வடை எங்க?"

"உனுக்கு ஒத்துக்காது தம்பி. நெஞ்ச தேச்சிக்கினே வர்ற. மோர குடிச்சிட்டு போ."

அப்போதுதான் கவனித்தேன், என் இடது கை நெஞ்சின் மேல்தான் இருந்தது. வரிசையே சிரித்தது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. நெஞ்செரிச்சல் வேறு தனி.

சொல்வது சரியாக இருப்பதுதான் அவரிடம் பெரிய தொல்லை. இரும்பு காய்ச்சும் பர்னஸில் ஒடிசாக்காரர் ஒருவர் இருந்தார், நடுவயது. திடீரென்று சோற்றைத் தொடாமல் வைத்துவிட்டு எழுந்துபோக ஆரம்பித்தார். "ஊருக்குப் போற மூடு சார்" என்றான் காண்டிராக்டர். நான் இந்தி தெரிந்த ஆளை வைத்துக் கேட்டேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வந்தது. அக்கா எதையும் கேட்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்த மனிதரின் தாடையைப் பிடித்து, "ஆ காட்டு" என்றார். அவர் பிடித்த பிடியில் மனிதர் பயந்துபோய் வாயைத் திறந்தே விட்டார். உள்ளே கடைவாய்ப் பல் அழுகி ஈறு வீங்கிக் கிடந்தது. அன்றிலிருந்து அவருக்குக் குழைந்த சோறும் பருப்பும் தனியாக வந்தன. பல் டாக்டரிடம் கூட்டிப்போகிற வேலை எனக்கு வந்தது.

எல்லாமே இப்படி நல்லதாக முடிந்ததில்லை. பேக்கிங் செக்‌ஷனில் ஒரு பெண். ஒருநாள் எல்லாருக்கும் பப்பாளித் துண்டு போட்டுக்கொண்டு வந்த அக்கா, அந்தப் பெண்ணின் தட்டைத் தாண்டிப் போய்விட்டார். தாண்டினவர் திரும்பிவந்து ஒரு டம்ளர் பால் வேறு வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு வேறென்ன வேண்டும்? சாயந்திரத்துக்குள் செக்‌ஷன் முழுக்க விஷயம் பரவிவிட்டது. புருஷனிடமே இன்னும் சொல்லவில்லை என்று அந்தப் பெண் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அழுதாள். ஏற்கெனவே ஒன்று கலைந்துபோன பயத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தவள். நான் நேரே கேன்டீனுக்குப் போனேன்.

"நான் இன்னா சொன்னேன்? ஒரு வார்த்த சொன்னனா? பப்பாளி போடல, அவ்ளோதான்."

"அவங்களைக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்லக்கா."

"கேட்டா நெஜத்த சொல்லுவாளா? வாய் சொல்றது வேற தம்பி. வாயிக்கு வோண்டியது வேற."

 மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். நல்லது செய்கிறேன் என்று ஒருவர் நம் உடம்புக்குள் எட்டிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்காது.

அதற்காக வீட்டை மாற்றிக்கொள்ள முடியுமா? நான் குடியிருந்ததும் அவர் வீட்டு மாடியில்தான். மில்லிலும் மோர், வீட்டுக்கு வந்தாலும் மோர்.

கீழே ஹாலில் ஒரு சுவர் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அது அக்காவின் வீட்டுக்காரர் வைத்தது. அவரை நான் அண்ணன் என்பேன். பழவேற்காட்டுப் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து, ஐ.டி.ஐ. படித்து, எஸ்டேட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கழிவுநீர் சுத்தம் செய்கிற பிரிவில் வேலைக்கு வந்தவர். நாள் முழுக்க நாற்றத் தண்ணீரோடு இருந்துவிட்டு வந்து, வீட்டில் கண்ணாடி மாதிரி கடல் தண்ணீர் வைத்திருந்தார். அதில் மீன் குறைவு. எல்லாம் பவளம். வெளிநாட்டிலிருந்து அனுமதிப் பேப்பரோடு வருகிறதைச் சென்னையில் ஒரு கடையில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. "எங்க தம்பி கடல இட்டாந்து ஊட்டுக்குள்ள கட்டி வெச்சிக்கினு கீறான்" என்று அண்ணனின் உடன்பிறந்த அக்கா வரும்போதெல்லாம் கிண்டல் செய்வார்.

நான் முதன்முதலாகப் பார்த்தபோது, "செடியெல்லாம் நல்லா இருக்கு" என்றேன்.

"செடியா?" என்று அக்கா என் தலையைப் பிடித்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "நல்லா பாரு. அல்லாம் வாய்."

பார்த்தேன். பூ என்று நினைத்தது ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கீறல், ஒரு துளை. எனக்கு உடம்பு கூசியது.

லைட், பம்பு, தண்ணீர் சோதனை எல்லாம் அண்ணன் பொறுப்பு. தீனி அக்கா பொறுப்பு. பவளங்களில் பாதிக்கு மேல் வெளிச்சத்திலேயே பிழைக்கிறவை. அவற்றின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கிறது, வெளிச்சத்தை வைத்து அது சமைத்துப் போடும், பவளம் சாப்பிடும் என்று அண்ணன் சொல்லுவார். அவற்றுக்கு அக்கா ஒன்றும் கொடுப்பதில்லை. கிளை கிளையாக நிற்பவற்றுக்கு வாய் குண்டூசி முனை அளவு. அவற்றுக்கு மாவைவிட நைசான பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தூவுவார். விரல் விரலாக ஆடுகிற பெரிய வாய்க்காரர்களுக்கு, ஐஸில் உறைந்து வரும் பொடி இறால். அதைக் கரையவைத்து, வடிகட்டியில் போட்டுக் கழுவி, ஆளுக்கு ஒன்றிரண்டாகக் கொடுப்பார். எல்லாப் பவளத்துக்கும் ஏற்றது என்று எழுதியிருந்த டப்பா ஒன்றை ஒருமுறை அண்ணன் ஆசையாக வாங்கிவந்தார். அதை அக்கா பிரிக்கவே இல்லை.

"அல்லாருக்கும் ஒண்ணே போடறதுன்னா அது இன்னா சோறு? ஜெயில்லதான் அப்டி போடுவான்."

அவருடைய செல்லம் ஒரு மூலையில், நிழலில் இருந்தது. கைமுட்டி அளவு ஆரஞ்சு நிறப் பவளம். சூரியப் பவளம் என்று பெயர். "பேருதான் சூரியன். வெளிச்சத்தால அதுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல" என்பார். உள்ளே சமைத்துப்போட பாசி கிடையாது. ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாக ஊட்ட வேண்டும். ஊட்டாவிட்டால் அந்த வாய் மட்டும் சுருங்கிச் செத்துப்போகும். பக்கத்து வாய் தின்றது இந்த வாய்க்குப் போதாது.

மில்லிலிருந்து வந்து முகம் கழுவியதும் அக்கா பம்பை நிறுத்துவார். தண்ணீர் அசையாமல் நிற்கும். இறால் கழுவிய சாறை நீளமான டிராப்பரில் எடுத்து அந்த ஆரஞ்சுக் கட்டி மேல் இரண்டு சொட்டு விடுவார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். பார்த்துக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான். சுருங்கிய தக்காளி மாதிரி கிடந்தது மெல்ல உப்பும். ஒரு மஞ்சள் இதழ் எட்டிப் பார்க்கும். பிறகு இன்னொன்று. தொட்டியில் சிவப்புக் கோடு போட்ட உயிருள்ள இறால் ஒன்றும் உண்டு. அது ஓடிவந்து பவளத்தின் வாய்க்குள் கைவிட்டுத் தீனியைப் பிடுங்கப் பார்க்கும். "தூ, திருட்டு நாயே, உனுக்கு அப்பறம்" என்று திட்டிக்கொண்டே, வெட்டி வைத்திருந்த தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியைப் பவளத்தின் மேல் கவிழ்ப்பார். பாட்டில் கழுத்து வழியாக டிராப்பரை விட்டு ஒவ்வொரு வாயாக ஊட்டுவார்.

எனக்குப் பொறுமை போய்விடும். "மொத்தமா போட்டுட்டு வாங்கக்கா. பசிச்சா தின்னுட்டுப் போகுது."

"வாசன போயி, வாயி தானா தொறக்கணும். மூடுன வாய்கிட்ட சோத்த எறிஞ்சா அது சோறு இல்ல தம்பி, குப்ப. தண்ணிதான் நாறிப்பூடும்."

அண்ணன் சிரிப்பார். "என்கிட்ட இப்டி ஒரு நாளு உக்காந்துகினு இருந்ததில்ல சார் இவ. தட்டுல கொட்டிட்டு போயிக்கினே இருப்பா."

அந்த அண்ணன்தான் ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, உயிருக்கு ஆபத்தில்லை என்று அனுப்பினார்கள். வலது கை கால் வரவில்லை. பேச்சு வரவில்லை. விழுங்கவும் வரவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். ஹாலிலேயே தொட்டிக்கு எதிரில் கட்டில் போட்டோம். அதைப் பார்த்துக்கொண்டாவது கிடப்பார் என்றுதான்.

விழுங்கப் பழக்குகிற டாக்டரம்மா ஒருவர் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நிமிர்த்தி உட்காரவை. தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்து. கெட்டியான கஞ்சி, அரை ஸ்பூன். தொண்டை ஏறி இறங்குகிறதா பார். இறங்கியதும் "ஆ" சொல்லச் சொல். குரல் தெளிவாக வந்தால் அடுத்த ஸ்பூன். தொண்டையில் தண்ணீர் நிற்கிற மாதிரி கொளகொள என்று வந்தால் உடனே நிறுத்திவிடு. நுரையீரலுக்குள் போனால் காய்ச்சல் வரும், இந்த உடம்பு அதைத் தாங்காது. அடுத்த முறை வரும்போதும் வாய் வழியாக ஒன்றுமே போகவில்லை என்றால் வயிற்றில் துளைபோட்டுக் குழாய் வைத்துவிடலாம் என்றும் சொல்லியிருந்தார். ரத்தக் கொதிப்பால் வந்தது என்பதால் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அக்கா ஒரேயடியாக நிறுத்திவிட்டார்.

அக்காவுக்கு இதெல்லாம் கைவந்த வேலை என்றுதான் நான் நினைத்தேன். அரை ஸ்பூனும் காத்திருப்பதும் தினமும் செய்கிறதுதானே? ஆனால் அண்ணன் வாயைத் திறக்கவில்லை. ஸ்பூன் பக்கத்தில் வந்தாலே உதடுகள் இறுகிவிடும். இடது கையால் தட்டிவிடுவார். மூக்குக் குழாயையும் பிடுங்கிப் போட்டார். மறுபடி போட்டுவந்து, கையைத் துணியால் கட்டிலோடு கட்ட வேண்டியதாயிற்று. கட்டும்போது அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். அவர் அப்படி நின்று பேசுகிற ஆளே இல்லை.

"மூஞ்சி தெரியல தம்பி."

"என்னக்கா?"

"பாதி மூஞ்சி ஒண்ணு சொல்து. பாதி மூஞ்சி ஒண்ணியும் சொல்ல மாட்டுது. வலிக்குதா, பயமா, கோவமா, எனுக்கு ஒண்ணும் புரியல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "துன்னாம கெடந்து போயிடலாம்னு முடிவு பண்ணிட்டாரோன்னு கீது."

 எந்த முகத்தையும் ஒரு நொடியில் படிக்கிற மனுஷி அவர். ஒருமுறைகூட அவர் அப்படி முழித்து நான் பார்த்ததில்லை. 

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் அக்கா பழவேற்காட்டிலிருந்து வந்தார். அக்காவுக்கு நாத்தனார். கையில் ஒரு தூக்கு மீன் குழம்பு, ஒரு பை சென்னாக்குன்னி. சென்னாக்குன்னி என்றால் ஊசி நீளம்கூட இல்லாத பொடி இறால், உப்புப் போட்டுக் காயவைத்தது. கேன்டீனில் சமையல்காரர் வரவில்லை என்று அக்கா அவசரமாகக் கிளம்பினார். போகும்போது, "வாய்ல ஒண்ணும் குடுக்காத அண்ணி. நான் வந்துதான் எதுவா இருந்தாலும்" என்று இரண்டு தடவை சொன்னது மாடியிலிருந்த எனக்கே கேட்டது.

மத்தியானம் கீழிருந்து ஒரு வாடை வந்தது. கருவாட்டு வாடைதான், ஆனால் அடுப்பில் வேகிற வாடையில்லை. இறங்கிப் போனேன். தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. மேலே எண்ணெய்ப் படலம். பவளங்களின் மேலெல்லாம் காய்ந்த சென்னாக்குன்னி ஊறி ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு வாய்கூடத் திறந்திருக்கவில்லை. மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தன.

"அய்யோ, என்னம்மா பண்ணீங்க?"

"அல்லாம் சுருங்கி போயி கெடந்துச்சி தம்பி. எங்க ஏரில கீற அத்தன மீனும் இத்த துன்னுதான் வளருது. இதுங்களுக்கு மட்டும் ஆவாதா?"  கை கட்டப்பட்டுக் கிடக்கிற தம்பியைப் பார்த்துப் பார்த்து அழுது அந்த அம்மாவின் கண் வீங்கியிருந்தது. "இந்த ஊட்ல யாருக்குதான் சோறு போடறா அவ?"

நான் அக்காவுக்குப் போன் செய்தேன். ஆட்டோவில் வந்து இறங்கினார். தொட்டியை ஒரு கணம் பார்த்தார். அதை நோக்கித்தான் ஓடுவார் என்று நினைத்தேன். அவர் நேராகக் கட்டிலுக்குப் போய், குனிந்து அண்ணனின் வாயைப் பார்த்தார். உதட்டோரத்தில் சிவப்பாக ஒரு கறை.

"அண்ணி. இவருக்கு இன்னா குடுத்த?"

அந்த அம்மா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"உன்னத்தான் கேக்கறேன். இன்னா குடுத்த?"

"வெரல்ல தொட்டு நாக்குல தடவுனேன். அவ்ளோதான்மா. கொழம்பு. என் தம்பி, நான் தூக்கி வளத்தவன், அவன் கண்ணு முன்னாடி நான் எப்டிமா..."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அண்ணனின் மார்பில் காதை வைத்தார். "எங்க, ஆ சொல்லு" என்றார். அண்ணன் சொல்லவில்லை, இருமினார். இருமல் நிற்க நேரமானது. ஒவ்வொரு இருமலுக்கும் அந்த அம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். 

அவசரத்துக்கென்று அண்ணன் டிரம்மில் எப்போதும் உப்புத் தண்ணீர் கலக்கி வைத்திருப்பார். அதுதான் அன்று கைகொடுத்தது. ஊறிய இறாலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, கெட்ட தண்ணீரை வாளி வாளியாக வெளியே கொட்டி, புதுத் தண்ணீர் விட்டோம். நான் தூக்கினேன், அக்கா உறிஞ்சினார். நடுநடுவே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அண்ணனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அடுத்து வந்த நாட்களிலும் அதே கதைதான். தெர்மாமீட்டர், தொட்டி, மறுபடி தெர்மாமீட்டர். காய்ச்சல் வந்தால் முடிந்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த வார்த்தையை யாரும் வாயால் சொல்லவில்லை.

காய்ச்சல் வரவில்லை. கிளைப் பவளங்கள் மட்டும் வெளுத்து எலும்பாகிவிட்டன. மற்றவை ஒவ்வொன்றாகத் தேறின. சூரியப் பவளம் செத்ததா இருக்கிறதா என்று தெரியாமல் மூடியே கிடந்தது. நாத்தனார் ஊருக்குப் போகவில்லை. எங்களுக்கு மீன் குழம்பு வைத்துக்கொண்டு சமையலறையிலேயே இருந்தார், ஹாலுக்கு வருவதில்லை. அங்கிருந்தே ஒருநாள் சொன்னார்: "நான் தடவுனப்போ நாக்க நீட்டி நக்கினான்மா. என் தலமேல அடிச்சி சொல்றேன்." ஹாலில் அக்கா காதில் விழாத மாதிரி தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவிடம் மறுபடி காட்டப் போகிற நாள் நெருங்கியது. அதற்கு முந்தின நாள் சாயந்திரம் அக்கா பம்பை நிறுத்தினார். கார் சொல்லியிருந்தேன், அதைச் சொல்லத்தான் நான் கீழே வந்திருந்தேன். சூரியப் பவளத்தின் மேல் இரண்டு சொட்டு சாறு விட்டுவிட்டு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். கட்டிலில் அண்ணனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மூலையில் ஒரே ஒரு வாய், மஞ்சளாக எட்டிப் பார்த்தது.

அக்கா அதற்கு ஊட்டவில்லை. டிராப்பரைக் கையில் பிடித்தபடியே திரும்பி உட்கார்ந்து அண்ணனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"அண்ணி, மீன் கொழம்பு சூடு பண்ணி எட்தா."

"நானா? நெஜமாவா சொல்ற?"

"எட்தா அண்ணி."

ஆவி பறக்கிற கிண்ணத்தை வாங்கி அண்ணனின் மூக்குக்குக் கீழே பிடித்தார். கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அண்ணனின் மூக்கு விடைத்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. வாயில் ஊறினதை விழுங்கியிருக்கிறார். நாத்தனார் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

அக்கா கையைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாழ்த்தி, கெட்டிக் கஞ்சியில் அரை ஸ்பூன் எடுத்துக் கொண்டுபோனார். உதடுகள் மறுபடி இறுகிக்கொண்டன. இடது கை எழுந்து ஸ்பூனைத் தள்ளியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாளைக்கு வயிற்றில் துளைதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அக்கா ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார். தள்ளிய அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எனுக்கு தெரியலய்யா. உன் மூஞ்சிய பாத்தா எனுக்கு ஒண்ணுமே தெரியல. நீயே சொல்லு. இன்னா வோணும்?"

அண்ணன் அவரை வெறித்துப் பார்த்தார். உதடு ஒருபக்கமாகக் குவிந்தது. "உ..." என்று ஒரு சத்தம் வந்தது. எச்சில் புரையேறி மூச்சு அடைக்கிறது என்று நினைத்து நான் பாய்ந்து போனேன். அக்கா கையை நீட்டி என்னைத் தடுத்தார். அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"உப்... பு."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை அது.  நாத்தனார்தான் முதலில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார், அழுகையிலேயே சிரித்தார்.

"உப்புத் தண்ணில பொறந்தவன்மா அவன்! உப்பு இல்லாத கஞ்சிய குடுத்தா எப்டிமா துன்னுவான்?"

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். திரும்பி வரும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை. கிண்ணத்தின் மேல் கையைப் பிடித்தபடி நின்றார். பாதியை மறு உள்ளங்கையில் தட்டிவிட்டு மீதியைக் கஞ்சியில் போட்டுக் கலக்கினார்.  அரை ஸ்பூன் எடுத்தார். உதடு திறந்தது. ஸ்பூன் உள்ளே போய் வெளியே வந்தது. தொண்டை அசையவில்லை.  பிறகு அது மெல்ல ஏறி, இறங்கியது.

"ஆ சொல்லு."

"ஆ."

சுத்தமான ஆ. கொளகொளப்பு இல்லை, இருமல் இல்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கன்னத்தில் வழிந்ததை அப்படியே விட்டுவிட்டு அடுத்த அரை ஸ்பூனை எடுத்தார். எடுத்தவர் கொஞ்சம் தயங்கினார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த மீதி உப்பை அண்ணனிடம் நீட்டிக் காட்டினார்.

"போதுமா?"

அண்ணன் உப்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். இடப்பக்கத்து உதடு மட்டும் கொஞ்சம் மேலே ஏறியது. பிறகு வாயைத் திறந்தார்.